எழுதிவைக்காத பேச்சு: தென்சென்னைப் புறநகரின் குரல்கள்

பல்லாவரத்தில் மின்ரயிலை விட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இடமோ வலமோ உள்ளே நுழைந்து வண்டலூர் வரை நடந்து பாருங்கள். பழைய ஊர்கள் ஆங்காங்கே கோயில் குளத்தோடு ஒதுங்கி நிற்க, கண்ணில் படுவதெல்லாம் ‘நகர்’களாகவே இருக்கும். லட்சுமி நகர், பாரதி நகர், அதையடுத்து விரிவு, அதற்கும் அடுத்து விரிவின் இரண்டாம் பகுதி. ஒவ்வொரு நகரின் முகப்பிலும் ஒரு பெயர்ப்பலகை. அதில் நகரின் பெயருக்குக் கீழே குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் எழுதியிருப்பார்கள். வேறு எந்த ஊரிலும் தெருமுனையில் பதிவு எண்ணை இவ்வளவு பெருமையாகப் பார்க்க முடியாது. 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் நாங்களும் ஒரு சங்கம், எங்களுக்கும் வாய் உண்டு என்று அந்த எண் சொல்கிறது.

அந்த வாய் இதுவரை என்ன பேசியிருக்கிறது, யார் கேட்டார்கள், பேசியது எங்கே பதிவானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படியே ஏழு லட்சத்துக்குமேல் மக்கள். பத்து ஊர்களாக இருந்தபோது பத்து அலுவலகங்களின் வாசலில் நின்று கத்தியவர்கள் இன்று ஒரே வாசலைத் தேடுகிறார்கள். அனகாபுத்தூர் நெசவாளருக்கும் மாடம்பாக்கத்து மென்பொருள் பொறியாளருக்கும் மாநகராட்சி ஒன்றாகிவிட்டது. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழ வழி இருக்கிறதா?

நகர்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அவற்றின் குரலும் புரியும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்திருந்தது. 1937இல் கிறித்துவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வந்தது. பிறகு மனை போட்டு விற்பனை. வயலும் ஏரிக்கரையும் லேஅவுட் ஆயின. அரசு ஊழியர், ஆசிரியர், ரயில்வேக்காரர் என்று மாதத் தவணை கட்டி மனை வாங்கியவர்கள் முதலில் வீட்டைக் கட்டிக் குடிவந்தார்கள். சாலை பின்னால் வந்தது. விளக்குக் கம்பம் அதற்கும் பின்னால். பாதாள சாக்கடை சில இடங்களில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆக, இந்த வட்டாரத்தின் முதல் இலக்கியம் மனுதான். ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி ‘ஆவன செய்யுமாறு’ என்று முடியும் அந்த வடிவத்தில் இங்குள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் காட்டிய தேர்ச்சியை எந்தக் கவிதைத் தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

மனு என்ன சாதிக்கும் என்பதற்கு ஆலந்தூர் நல்ல சாட்சி. 1990களின் பிற்பகுதியில் ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது அங்கே பாதாள சாக்கடைத் திட்டம் எடுக்கப்பட்டது. அரசிடம் போதுமான பணம் இல்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கொடுத்தால் திட்டம் நடக்கும் என்றார்கள். குழாய் போடுவதற்கு முன்பே பணம் கேட்கும் நகராட்சியை யார் நம்புவார்கள்? நலச்சங்கங்கள்தான் தெருத்தெருவாகப் போய்ப் பேசின, வசூலித்தன, ரசீது கொடுத்தன. 2000இல் வேலை தொடங்கியது, சில ஆண்டுகளில் சாக்கடை ஓடியது. இந்திய நகரங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் ஆலந்தூரை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். என் பார்வையில் அந்த வெற்றியின் ரகசியம் ரசீதில் இருக்கிறது. பணம் கொடுத்தவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்துக்கு நகராட்சி பதில் சொல்லியாக வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் எழுதப்படும். நலச்சங்கம் என்பது நடைமுறையில் வீட்டு உரிமையாளர் சங்கம். சந்தா கட்டுவதும் பொதுக்குழுவில் கை தூக்குவதும் அவர்தான். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், காலையில் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா ஆகியோர் அந்தக் கூட்டத்தின் பேசுபொருளாக வருவார்கள், பேச்சாளராக வருவது அபூர்வம். நான் போயிருந்த ஒரு சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் நாற்காலிகள் எல்லாம் ஆண்களிடம், டீயும் கேசரியும் பெண்களிடம் இருந்தன. இரண்டு மணி நேரம் தெருநாய் பற்றிப் பேசினோம். தண்ணீர் பிடிக்க விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பவர் யாரோ, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

*

தண்ணீர்தான் இந்த வட்டாரத்தை உண்மையில் பேச வைத்தது. அதுவும் இரண்டு விதமாக. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடையாற்றின் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை மூழ்கின. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. தண்ணி லாரிக்காகப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். மூழ்கிய அதே தெருக்கள் தாகத்தில் கிடந்தன. ஏரி என்பது எதற்கு என்று, மனை வாங்கும்போது கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டோம்.

அந்த 2019 கோடையில் சிட்லபாக்கத்தில் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற குடியிருப்போர் குழுவின் முயற்சியில் மக்கள் தாங்களே ஏரியில் இறங்கினார்கள். குப்பை எடுத்தார்கள், தூர் வாரினார்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கைகள்தான். அந்த ஆண்டே அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. அறிவிப்புக்குப் பிறகும் வேலை இருந்தது. கழிவுநீர் எங்கே கலக்கிறது, ஆக்கிரமிப்பு எது, கலங்கல் எங்கே என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் குழு அதையும் செய்தது. ஊர்க் குரல் பலிக்க உணர்ச்சி மட்டும் போதாது, புல எண் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கரணை இன்னும் பெரிய கதை. சதுப்புநிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்து அதில் குப்பை கொட்டிய அரசுகளுக்கு, அது தரிசு நிலம் கிடையாது, வெள்ள வடிகால், பறவைகளின் தங்குமிடம் என்று புரிய வைக்கப் பல ஆண்டுகள் ஆயின. சுற்றுவட்டார மக்களும், ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்ற ஆய்வாளர்களும், பறவை நோக்குபவர்களும் சேர்ந்து அதைச் செய்தார்கள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் தலமானது. இங்கே ஜெயித்ததும் கணக்குதான். எந்த மாதம் எத்தனை பறவை, எந்த ஆண்டு எவ்வளவு நிலம் போயிற்று என்று யாரோ ஒருவர் விடாமல் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நாரைக்காக யார் வழக்காடியிருக்க முடியும்?

*

2022 நவம்பர் 1. உள்ளாட்சிகள் நாள். தமிழகத்தின் நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்று கலந்துகொண்டது வேறெங்கும் இல்லை, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில்தான். தெருவிளக்கு, குடிநீர், சாலை என்று மக்கள் எழுந்து கேட்க, முதலமைச்சர் உட்கார்ந்து கேட்டார். நகரவாசிக்கு இது புதுசு. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதே மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைக்கச் சொல்லிவிட்டது. ஊராட்சிகளில் கிராம சபை என்பது சாதாரண நடைமுறையாகிவிட்ட பிறகும், நகரத்துக்காரனுக்கு வாக்குச்சாவடியைத் தவிர வேறு சபை இருக்கவில்லை. முப்பது வருடக் கடனை அந்த நவம்பரில் தீர்க்கத் தொடங்கினார்கள்.

விதிகளின்படி ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு முறை பகுதி சபை கூட வேண்டும். குடியரசு நாள், அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமை நாள். தேதிகளைத் தேர்ந்தவருக்கு நல்ல ரசனை. ஆனால் பகுதியின் பிரதிநிதியாக அமர்பவர் அந்தப் பகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிடையாது, மன்றத்தால் நியமிக்கப்பட்டவர். கவுன்சிலருக்கு வேண்டியவர் என்று பொருள்கொண்டால் பெரிய தப்பில்லை. கூட்டம் நடப்பது பலருக்கு முந்தின நாள் வரை தெரிவதில்லை. நடந்த கூட்டத்தில் பேசியது என்ன ஆயிற்று என்பது அடுத்த கூட்டம் வரை தெரிவதில்லை.

பகுதி சபையின் தரத்தை உரசிப் பார்க்க முடிச்சூருக்குப் போக வேண்டும். மாநகராட்சி அமைந்தபோது மேற்குத் தாம்பரத்தை ஒட்டியிருக்கும் முடிச்சூர் ஊராட்சியாகவே விடப்பட்டது. பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் உள்ளே, முடிச்சூர் வெளியே. வெள்ளம் இந்த எல்லையைப் பார்த்து வரவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்குமாடி, ஒரே மாதிரி தண்ணி லாரி. ஊராட்சிக்காரருக்குக் கிராம சபை. முன்பு நான்காக இருந்த கூட்டங்கள் 2022இல் உலகத் தண்ணீர் நாளையும் உள்ளாட்சிகள் நாளையும் சேர்த்து ஆறாகிவிட்டன. அங்கே வாக்காளர் ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். தீர்மானப் புத்தகம் உண்டு, கையெழுத்து உண்டு. மாநகராட்சியோடு சேர்வது முன்னேற்றம் என்று நினைக்கும் ஊராட்சிவாசிகளுக்கு ஒன்று சொல்வேன்: சாலை அகலமாகலாம், வரி கூடலாம், ஆனால் அந்தப் புத்தகம் போய்விடும். அதற்கு ஈடாக நகரத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

*

ஊர் தனக்குத்தானே பேசிக்கொள்ளச் சபையைவிடப் பழகிய வழி வானொலி. இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் சென்னையின் வரலாறு இந்தியாவின் மூத்த வரலாறுகளில் ஒன்று. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மதராஸ் மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி அந்த ஆண்டே ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927இல் நின்றது. ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 முதல் 1938இல் அகில இந்திய வானொலி எடுத்துக்கொள்ளும்வரை மாநகராட்சியே வானொலி நடத்தியது! மாலையில் சங்கீதம், மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பாடம். கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவன் சுண்டல் தின்றபடி கேட்டான். குப்பை அள்ளுவதும் விளக்கு ஏற்றுவதும் போலப் பாட்டுக் கேட்கச் செய்வதும் மாநகராட்சியின் வேலை என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அலைவரிசை அரசின் தனிச்சொத்தானது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய ஒரு வழக்கில், அலைவரிசை பொதுச்சொத்து என்று சொன்னது. கிரிக்கெட்டால் நாட்டுக்கு விளைந்த நன்மைகளில் இதையும் சேர்க்கலாம். 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் தரக் கொள்கை வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். 90.4 ஒலித்தபோது நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தென்சென்னையில் பிறந்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் கதவு திறந்தது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் ஒரு வானொலி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்தில் ‘முத்துச்சரம்’ என்று புறநகரிலும் குரல்கள் முளைத்தன.

சமுதாய வானொலி என்றால் 100 வாட் திறன், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டம். ஒரு தாம்பரத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்று விதி. தையல் கடையில் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, வாட்ச்மேன் இரவில் விழித்திருக்கும்போது, கண்ணும் கையும் வேறு வேலையில் இருக்கும் எவருக்கும் காது மட்டும் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கு இதைவிடச் சமமான மேடை எது? சுகாதாரம், சிறுதொழில், பரீட்சை, சமையல், உள்ளூர்ப் பாடகர் என்று இந்த வானொலிகள் நல்ல காரியங்கள் செய்திருக்கின்றன. மாணவர்கள் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பெண்களையே பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் இது தாம்பரத்தின் குரலாகவில்லை? காரணங்கள் மூன்று நான்கு உண்டு. பெரியது ஒன்றுதான்: செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யலாம், சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. தண்ணீர் விநியோகம், மின்தடை, போக்குவரத்து, வானிலை இவை தகவல் என்ற கணக்கில் அனுமதி. நாளை காலை தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். நேற்றும் ஏன் வரவில்லை என்று விசாரித்தால் செய்தியாகிவிடும். அண்டை நாடான நேபாளத்தில் 1997 முதல் இயங்கும் ‘ரேடியோ சாகர்மாதா’ செய்தி சொல்கிறது, கேள்வி கேட்கிறது. நம் சமுதாய வானொலிக்குச் சமுதாயத்தின் முக்கியமான வழக்கம் ஒன்று மட்டும் தடை: ‘ஏன்’ என்று கேட்பது.

அடுத்தது வளாகச் சுவர். கல்லூரி உரிமம் என்றால் அறிவிப்பாளர் மாணவர். மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவார். பரீட்சை வந்தால் குரல் மெலியும், விடுமுறையில் பழைய பதிவுகள் ஓடும். ஊர் அங்கே விருந்தாளியாகத்தான் வரும். பாம்பனில் 2016 முதல் 90.4இல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’யை இதோடு வைத்துப் பாருங்கள். மீனவருக்காகத் தொடங்கிய வானொலி அது. காற்று எப்படி, அலை எப்படி, இன்று கடலுக்குப் போகலாமா என்பது கேட்பவரின் உயிர்ப் பிரச்சினை. கேட்பவனுக்கு அந்த நேரத்தில் தேவையானதைச் சொன்னால் வானொலி தானாக ஊருடையதாகும். தாம்பரத்தில் கடல் இல்லையே என்பீர்கள். அடையாறு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டு தவறாமல் வருகிறது. 2015 வெள்ளத்தில் மின்சாரமும் செல்பேசிக் கோபுரங்களும் ஒருசேர விழுந்தபோது, மொட்டைமாடியில் நின்றவர்களுக்கு அடுத்த தெருவில் படகு வந்திருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. அதே மழையில் அடிபட்ட கடலூரில் 107.8இல் ‘பேரிடர் கால வானொலி’ என்று தனியாக ஒன்றை அமைத்தார்கள். தாம்பரத்தில் அப்படி ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று அன்று தோன்றிய எண்ணம், சேறு காய்ந்ததும் காய்ந்துவிட்டது.

பணமும் பிரச்சினைதான். 2024 பிப்ரவரியில் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக்கினார்கள், 10 வினாடிக்கு 52 ரூபாயாக இருந்த அரசு விளம்பரக் கட்டணம் 74 ஆனது. குரோம்பேட்டைத் துணிக்கடைகளின் விளம்பரச் செலவை நினைத்தால் இது தேங்காய்ச்சில்.

அச்சுக்கு வருவோம். மயிலாப்பூருக்கு 1994 முதல் வின்சென்ட் டிசோசாவின் ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ உண்டு. எந்தத் தெருவில் பள்ளம், எந்தச் சபாவில் கச்சேரி என்று வாராவாரம் வீட்டு வாசலில் விழும். புறநகரிலும் இலவச வார ஏடுகள் வந்தன, வருகின்றன. மனை, டியூஷன், கேட்டரிங் விளம்பரங்களுக்கு நடுவே நாலு பத்தி செய்தி. விளம்பரம் தருபவரே மனை போடுபவராக இருக்கும்போது ஏரி ஆக்கிரமிப்பு எத்தனையாவது பக்கத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. நூறு வருடத்துக்கு முன் இதே பல்லாவரத்தில் மறைமலையடிகள் வீட்டிலேயே நூலகமும் அச்சுக்கூடமும் வைத்துக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கித் தமிழ்நாட்டையே பேசவைத்தார் என்பது நினைவுக்கு வந்து சங்கடப்படுத்துகிறது.

*

உடல்நலத்தைப் பற்றிப் பேசத் தாம்பரத்தைவிடத் தகுதியான ஊர் இல்லை. இங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மருத்துவமனையின் பெயர்: சானடோரியம். தினமும் அந்தப் பெயரில் டிக்கெட் எடுக்கிறவர்கள் அது காசநோய் விடுதியைக் குறிக்கும் சொல் என்று நினைப்பதில்லை. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அதைத் தொடங்கினார். காற்றும் வெயிலும் ஓய்வும்தான் அன்றைய மருந்து. 1937இல் அரசு ஏற்றது. எச்.ஐ.வி. வந்த காலத்தில், மற்ற மருத்துவமனைகள் நோயாளியைத் தொடத் தயங்கியபோது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையை நாட்டில் எட்டு மையங்களில் தொடங்கியபோது தாம்பரமும் அவற்றில் ஒன்று.

நோயாளி வெறும் நோயாளியாக இருக்க மறுத்தது இந்தக் காலத்தில்தான். 1998இல் கௌசல்யா பெரியசாமியும் இன்னும் சில பெண்களும் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கான அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். கணவன் மூலம் நோய் வந்து, புகுந்த வீட்டால் துரத்தப்பட்ட பெண்கள் தங்கள் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லிப் பேசினார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் குரல்களிலேயே அதிக விலை கொடுத்த குரல் அதுதான். இலவச மருந்து ஒரு நாளில் யாருடைய கருணையாலும் வந்துவிடவில்லை.

இன்றைக்குப் புறநகரில் உடல்நலப் பேச்சு என்றால் ஞாயிற்றுக்கிழமை முகாம்தான். சங்கம் பந்தல் போடும், தனியார் மருத்துவமனை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு அடுத்த சோதனைக்கு வரச் சொல்லும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது வாடிக்கையாளரைப் பிடிக்கும் வேலை. ஊரின் உடம்பை உண்மையில் அறிந்தவர்கள் வேறு சிலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள். எந்த வீட்டுப் பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டார், எந்தச் சந்தில் சாக்கடை அடைத்ததிலிருந்து காய்ச்சல் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பகுதி சபையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டால் பாதி மனுக்கள் தேவைப்படாது.

கலைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அது வருத்தம்தான். தென்சென்னையின் பேர்பெற்ற கலைத்தலங்கள் எல்லாம் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கின்றன: திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம், 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தக்ஷிணசித்ரா. ரயில் பாதையோரத்துக்குக் கிடைத்தவை கல்யாண மண்டபம், கோயில் உற்சவம், ஆடிமாத ஒலிபெருக்கி. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நித்யானந்த் ஜெயராமனும் டி.எம். கிருஷ்ணாவும் மற்றவர்களும் நடத்திய விழா, கச்சேரி மீனவர் தெருவுக்கு வரலாம் என்று காட்டியது. பறை சபாவுக்குள் போவது இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது. அன்றாட ஆசைகளின் திருவிழா என்றால் எனக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான். ரோஜாச்செடி, புறா, பழைய மிக்ஸி, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் வரை விற்கும். அங்கே எல்லா வார்டும் பேசிக்கொள்கிறது, பேரம்தான் பேச்சு.

ஆனால் ஒரு பெயரை விட்டுவிடக் கூடாது. நகரின் மையத்திலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். விண்ணப்பத்தில் அந்த முகவரியை எழுதினால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் உறவினர் முகவரியை எழுதிய காலம் உண்டு. பிறகு கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், வெளியாட்கள் படம் எடுக்க வந்தார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஒரு வீராங்கனை ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே அறியப்பட்டார். ஊரின் பெயர் அவருக்கு முன்னொட்டாக நின்றது. எத்தனை சுவரோவியத்தாலும் செய்ய முடியாததை அந்த இரண்டு சொற்கள் செய்தன.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று தெளிவாகிறது. இந்த வட்டாரம் ஊமையாக இருந்ததே இல்லை. ஆலந்தூரில் ரசீது, பள்ளிக்கரணையில் பறவைக் கணக்கு, சிட்லபாக்கத்தில் வரைபடம், முடிச்சூரில் தீர்மானப் புத்தகம் என்று பேச்சு எழுத்தில் ஏறிய இடங்களில் அது வேலை செய்தது. சங்கத்துக் கேசரியோடும், வளாக வானொலியின் விடுமுறையோடும், பகுதி சபையின் கைதட்டலோடும் முடிந்த இடங்களில் காற்றோடு போனது. எழுதிவைக்க இடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதியின் சபை நடவடிக்கைகளை ஒரு கோப்பாக வைக்க என்ன செலவாகிவிடும்? சங்கத்தின் ஆண்டறிக்கை, ஏரிக்குழுவின் வரைபடம், கல்லூரி வானொலி பதிவு செய்த பாட்டிகளின் குரல் எல்லாம் அங்கேயே சேரலாம்.

அதுவரை நம் கையில் இருப்பது பகுதி சபை கூடும் அடுத்த நாள். அன்று உங்கள் பகுதி சபைக்குப் போங்கள், வாடகை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனதும் தெருவிளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். போன கூட்டத்தில் என்ன முடிவானது என்பதை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகம் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.